கதிரை அடுக்காத வெள்ளிக்கிழமை

அன்புள்ள அம்மாவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் சுகம் என்று தொடங்குவதுதான் வழக்கம். இன்று அந்தக் கிருபை என்ற சொல்லின்மேல் எனக்குக் கோபம். சுகமாகத்தான் இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி எப்படி? போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

தம்பி செல்வின் மனந்திரும்பி அழுதுகொண்டு வந்திருக்கிறான், நாவற்குடா வீட்டில் இருக்கட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். அப்பாவின் அடக்கத்துக்கும் வராதவன் அவன். படுக்கையில் கிடந்த அப்பாவைக் குளிப்பாட்டியது நான். அந்த வீட்டைக் கட்டியதும் நான்.

இங்கே தோஹாவில் வெள்ளி ஆராதனைக்குச் சனம் உட்காரக் கதிரை போடுவதும் முடிந்ததும் அடுக்குவதும் என் ஊழியம். போன வெள்ளி பாஸ்டர் இயேசுவின் பக்கத்தில் சிலுவையில் தொங்கிய கள்ளனைப் பற்றிப் பேசினார். ஒரு நற்கிரியையும் இல்லாமல், கிருபையால் மட்டும் பரதீசுக்குப் போனவன். எழுந்து கேட்டுவிட்டேன்.

“அந்தக் கள்ளனுக்கு அண்ணன் ஒருத்தன் இருந்தானா, பாஸ்டர்?”

சனம் சிரித்தது.

“இருந்தாலும் மறிச்சிருக்க ஏலாது, பிரதர். பரதீசின்ட வாசல் அண்ணன்ட இல்லையே.”

“அப்ப கதிரையளையும் கிருபையே வந்து அடுக்கட்டும்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அறையில் தனியே பாண் சாப்பிட்டேன். ஒருவரும் தேடி வரவில்லை.

ஆனால் அம்மா, நாவற்குடா வாசல் என்னுடையது. அதுதான் தொல்லை.

பக்கத்து வீட்டு நிருஷா லீவு முடிந்து இங்கே வரும்போது கூனி இறால் கருவாடு கொடுத்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் சும்மா எதையாவது பேசி அனுப்புங்கள்.

வேலைக்கு ஏற்றிப்போகும் வான் வந்துவிட்டது. செல்வின் இருக்கட்டும். மன்னித்துவிட்டேன் என்று சொல்லாதீர்கள், அது இன்னும் வரவில்லை. இருக்கச் சொல்வது அவன் அழுததற்காக இல்லை, அவன் செய்த எதற்காகவும் இல்லை என்று மட்டும் சொல்லுங்கள்.

உங்கள் மூத்த மகன்,
எட்வின்