பூனை தின்னவில்லை, வாப்பா

என் அன்பு வாப்பாவுக்கு,

நீங்கள் உறங்கும் கப்றை அல்லாஹ் விசாலமாக்கட்டும். ஒரு செய்தி சொல்லத்தான் எழுதுகிறேன். உங்கள் மீன்குஞ்சுகளைத் தின்றது பக்கத்து வீட்டு ரஹ்மா மாமியின் பூனை இல்லை.

மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வெறுங்கையோடு தில்லையடிக்கு வந்த நமக்கு முதல் சோறு ஆக்கித் தந்தவர் மாமி. பிறகு நீங்கள் பைட்டர் மீன் வளர்த்தீர்கள். சீமெந்துத் தொட்டியில் குஞ்சுகள் காணாமற்போனதும் அவரிடமே சண்டைக்குப் போனீர்கள். "களவெடுக்கிற பூனையை வளக்கிறீங்க!" என்றீர்கள். அதன்பின் நீங்கள் மௌத்தாகும்வரை இரண்டு வீட்டுக்கும் கதைபேச்சில்லை. எவ்வளவு வீம்பு உங்களுக்கு!

உங்கள் மீன்களை இப்போது நான்தான் பார்த்துக்கொள்கிறேன். போன மாதம் தொட்டியைக் கழுவும்போது, குஞ்சுகள் ஒளிந்துகொள்ளட்டும் என்று மதுரங்குளியிலிருந்து நீங்கள் கொண்டுவந்து போட்ட மஞ்சள் பூச்செடி கையில் பட்டது. அதன் இழைகளில் கடுகளவு பைகள். நீங்கள் விதை என்று சொன்னவைதான். நான் வேலை செய்யும் இறால் குஞ்சு நிலையத்துக்குக் கொண்டுபோய் நுணுக்குக்காட்டியில் வைத்தேன்.

விதையில்லை வாப்பா, வயிறு! கண்ணாடி போன்ற பை, அதற்கொரு கதவு, கதவில் சில மயிர்கள். நீரில் துள்ளிய பூச்சி ஒன்று மயிரில் முட்டியது. அடுத்த கணம் பூச்சி உள்ளே. கதவு திறந்ததையே நான் காணவில்லை. பக்கத்துப் பையில் ஒரு மீன்குஞ்சின் வால் மாட்டியிருந்தது.

நேரே மாமி வீட்டுக்கு ஓடினேன்.

"மாமி, உங்கட பூனை தின்னல்ல. செடிதான் திண்டிருக்கு."

"செடி மீன் திங்குதா? கதை விடாத புள்ள!"

மறுநாள் அவரையே நிலையத்துக்கு அழைத்துப்போய்க் காட்டினேன். ஒரு கண்ணை இறுக மூடிக்கொண்டு பார்த்தார். "யா அல்லாஹ், விழுங்கிட்டு!" என்று கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினார். சிரித்துச் சிரித்தே அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"உன்ட வாப்பா இருந்து இதைப் பாத்திருக்கோணும். நான் எப்பவோ மன்னிச்சிட்டேன். அவர்தான் வரல்ல."

ஏன் போகவில்லை, வாப்பா?

செடியை எறியப்போனேன். மாமி விடவில்லை. கடிக்கிற நுளம்புகளின் குஞ்சுகளைத் தின்னட்டும் என்று தன் தண்ணீர்த் தொட்டிக்கு வாங்கிப்போனார். அங்கே அது மஞ்சளாகப் பூத்துக் கிடக்கிறது. நம் தொட்டியில் குஞ்சுகள் பெருகிவிட்டன. பூனை மதிலில் படுத்து அவற்றைத் திரும்பியும் பார்ப்பதில்லை.

இனி ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மாமி வீட்டுக்குப் போவேன். நீங்கள் சொல்லாமல் விட்ட ஸலாத்தையும் சேர்த்துச் சொல்வேன். இது என் வாக்கு.

உங்கள் வீம்பில் பாதியோடு பிறந்த மகள்,
ஸம்ரா