டேங்க் மூடியில் குக்கர் ரப்பர்

14 ஜூன் 1998, ஞாயிறு

அருவருப்பாக இருக்கிறது, தூக்கம் வரவில்லை.

இரண்டு மாதமாக என் பழைய ஸ்போர்ட்ஸ் கார் கொஞ்ச தூரம் ஓடியதும் இருமி நின்றுவிடுகிறது. ஆறவிட்டால் மறுபடி கிளம்பும். கார்புரேட்டரைக் கழற்றிக் கழற்றிக் கழுவினேன். பெட்ரோல் பம்பையும் மாற்றினேன். எல்லாம் மைத்துனன் சேகரின் யோசனை. கார் கம்பெனி இன்ஜினியர் ஆயிற்றே. "வித்துத் தொலைங்க அத்தான், நானே எடுத்துக்கிறேன்" என்றும் அவன்தான் சொன்னான். போன வாரம் அலுத்துப்போய்ச் சரி என்றேன்.

இன்று ஔந்து பேட்டையைத் தாண்டியதும் கார் நின்றது. எரிச்சலில் டேங்க் மூடியைத் திருகினேன். புஸ்ஸென்று காற்று உள்ளே பாய்ந்தது. சாவியைத் திருப்பியதும் கிளம்பிவிட்டது. மூடிக்குள் பழைய குக்கர் ரப்பர். காற்று உள்ளே போகாமல் பெட்ரோல் எப்படி வெளியே வரும்?

வீட்டில் மனைவி கல்யாணியிடம் காட்டினேன். "தம்பிதான் கேட்டு வாங்கிட்டுப் போனான். பெட்ரோல் வாடை வருதுன்னான். பாவம், தெரியாம செஞ்சிருப்பான்" என்றாள்.

அவனுக்குப் போன் போட்டேன். "அரே அத்தான், வாடை நின்னுச்சா இல்லையா?" என்று சிரிக்கிறான்!

மூடி இப்போது மேசைமேல் கிடக்கிறது. விளிம்பைச் சுற்றிய ரப்பர் வாடைக்காகவே இருக்கட்டும். நடுவில் காற்றுத் துளை ஒன்று இருக்கிறது, குண்டூசித் தலை அளவு. அதன்மேல் தனியாக ஒரு பொட்டு ரப்பர். வட்டமாக, அளவெடுத்து வெட்டி ஒட்டியிருக்கிறான்.