கிழக்கே போகச் சொன்னேன்

ஜூலை 21
ஆடிக்காற்று. மாடிக் கொடியில் துணி நிற்கவில்லை. பி.பி. மாத்திரை, ரவை, வெங்காயம் வாங்க வேண்டும்.
லிபியாவிலிருந்து முரளி பேசினான். அவன் வெல்டராக இருக்கும் எண்ணெய் முகாமைச் சண்டை நெருங்குகிறதாம். கிழக்கே ஒரு வேன், மேற்கே ஒரு வேன். எதில் ஏறுவது என்பது அவரவர் இஷ்டமாம்.
"நீங்க மேப் பார்த்துச் சொல்லுங்கப்பா."
மருமகள் வசந்தி பக்கத்திலேயே நின்றாள்.

ஜூலை 22
பழைய பள்ளி அட்லஸ். நாடு முழுக்க ஒரே மஞ்சள். இப்போதுபோல் கிழக்கே ஒரு அரசு, மேற்கே ஒரு அரசு என்று கோடு எதுவும் இல்லை.
ரிடையர் ஆகியும் வகுப்புப் பழக்கம் போகவில்லை. வசந்திக்கு உதாரணம் சொன்னேன். நம் ஸ்ரீரங்கம் இரண்டாகப் பிரிந்தால் தெற்குப் பாதியில் காவிரிப் பாலம் தாண்டி வரும் திருச்சிக்காரர் சொல் எடுபடும். வடக்குப் பாதியில் கொள்ளிடத்துக்கு அப்பால் இருப்பவர் சொல். அங்கேயும் அப்படித்தான். கிழக்கு அரசுக்குத் துணை எகிப்து, தரைவழி அண்டை, சரக்கெல்லாம் லாரியில் வரும். மேற்குக்குக் கடல் தாண்டித் துருக்கி, கப்பலில் வரும். முரளி இருப்பது கிழக்குப் பாதியின் ஓரம். மேற்கே போனால் சண்டை நடக்கும் இடத்தையே தாண்ட வேண்டும். கிழக்கே நேர் சாலை, முடிவில் எல்லை கேட்.
கிழக்கே போகச் சொன்னேன். சொன்ன பிறகு அட்லஸை மறுபடி ஒருமுறை பார்த்தேன்.

ஜூலை 23
காந்தி மார்க்கெட். எகிப்து வெங்காயம் குவிந்து கிடந்தது. "நம்ம லாரி வரலைன்னா போதும் சார், இவன் கப்பல் ஏறி வந்துடுவான்" என்று கடைக்காரர் சிரித்தார். வாங்காமலே வந்துவிட்டேன்.
முரளியிடமிருந்து ஒன்றும் இல்லை.

ஜூலை 25
காற்று நின்றுவிட்டது. புழுக்கம். மாத்திரை போட்டேனா, நினைவில்லை.
முரளியின் முகாமிலிருந்து மேற்கு வேனில் ஏறிய ராமநாதபுரத்துப் பையன் ஏர்போர்ட் சேர்ந்துவிட்டானாம். வழியில் நிறுத்தி, பாஸ்போர்ட்டைப் பார்த்து, விட்டுவிட்டார்களாம். அவன் மனைவி போன் செய்தாள். சந்தோஷத்தை மறைத்துக்கொண்டுதான் பேசினாள்.

மாலை
முரளி. ஒரே இரைச்சல். "எல்லை கேட்டுல லாரி மட்டும் உள்ள வருதுப்பா. நம்மள அந்தப் பக்கம் விட மாட்டேங்கிறாங்க. வேன்காரன் இறக்கி விட்டுட்டுப் போயிட்டான்." பின்னால் யாரோ கத்தினார்கள். கட்.
சரக்கு உள்ளே வரும் வழியை வைத்து, ஆள் வெளியே போகும் வழியை முடிவு செய்திருக்கிறேன்.
வசந்தி திட்டுவாள் என்று உட்கார்ந்திருந்தேன். அட்லஸை எடுத்து வந்து என் மடியில் விரித்தாள்.
"மறுபடி கூப்பிடுவாரு மாமா. இப்ப எந்தப் பக்கம்னு பார்த்து வைங்க."
எங்கு பார்த்தாலும் மஞ்சள். போன் அடிக்கிறது.