அட்டை போன்

மச்சானுக்கு ஸலாம். உம்மாவைப் பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன், மதியம் வந்துவிடுவேன். குழம்பு அடுப்பில் இருக்கிறது. முட்டை மட்டும் பொரித்து, நீங்களும் ஹஃப்ஸாவும் சாப்பிடுங்கள்.

"எம் புள்ள என்கிட்டயே வரமாட்டேங்குது, இதுதான் நீ வளத்த லட்சணமா?" என்று நேற்றுக் கேட்டீர்களே. நீங்கள் சவூதியில் இருந்த நாலு வருஷமும் அவள் உங்களைப் போனில்தானே பார்த்தாள்? காலையில் பிஸ்கட் டப்பா அட்டையை வெட்டி, நடுவில் பெரிய ஓட்டை போட்டு, அவளே ஒரு போன் செய்திருக்கிறாள். "அத்தா மூஞ்சி இதுக்குள்ள வந்தா பேசுவேன்" என்கிறாள். அதை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு கூப்பிடுங்கள், வருவாள்.

இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன்: அந்த அட்டையின் கீழே ஒட்டியிருக்கும் சிவப்புச் சட்டைப் பட்டனை அமுக்கினால் போன் கட்டாகிவிடுமாம். நீங்கள் அதைத் தொடாதீர்கள். எப்பவும் அத்தாதான் முதலில் வைக்கிறாராம். இன்றைக்கு அவள் வைக்கட்டும்.