இணைச்சீருக்கு யார் நிற்பது

ஆவணி 12, புதன்

காலையிலிருந்து சாரல். கொடியில் வேட்டி காயவில்லை. மகன் கார்த்தி கல்யாணத்துக்கு நாலு நாள். பாக்கி: வாழையிலை, வேன், என் பிரஷர் மாத்திரை.

பள்ளியில் ஒருமுறை ஒன்பதாம் வகுப்புப் பெண் கேட்டாள்: "உங்களுக்குக் கோவமே வராதுங்களா சார்?" பொறுமை எப்படி வரும் என்று மூன்று உதாரணம் சொல்லி விளக்கினேன். அன்றைக்குப் பெருமை.

மதியம் அந்தியூரிலிருந்து என் அக்கா. சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஆட்டோவில் வந்தவர், காபியை வாங்குமுன்பே: "ஏந் தம்பி, இணைச்சீருக்கு மலரையா நிறுத்தப் போறே? புருஷனை உட்டுப்போட்டு வந்தவ. பொண்ணூட்டுக்காரங்க என்ன நெனப்பாங்க? என்ற மகளை நிறுத்திக்கலாம்."

மாப்பிள்ளையோடு உடன்பிறந்தவள் நிற்கிற சீர் அது. மலர் கார்த்தியின் ஒரே அக்கா. விவாகரத்தாகி இரண்டு வருஷமாக என்னோடு இருக்கிறாள்.

சிரித்தபடி, "பாத்துக்கலாமுங்கக்கா" என்றேன். சமையலறையில் டம்ளர் விழுந்த சத்தம். விழவில்லை, எறிந்தது.

"கல்யாணத்துக்கே நான் வரலீங்க. நீங்களே நடத்திக்கோங்க." மலரின் அறைக்கதவு படீர்.

13, வியாழன்

மழை இல்லை. அக்கா நேற்றே ஊர் திரும்பிவிட்டார். வேனுக்குச் சொல்லியாயிற்று.

மலர் நேற்று இரவும் சாப்பிடவில்லை. கதவுக்கு வெளியே நின்று சமாதானம். பால் உதாரணம்: அடுப்பைத் தணித்தால் பொங்காது, அதுபோல மனசும்.

உள்ளிருந்து: "பாடம் நடத்தாதீங்கப்பா!"

சுருக்கென்றது. "எத்தனை சொல்லியும் இந்தப் பிடிவாதமா?" என்று கத்திவிட்டேன். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

கார்த்தி போன்; மலர் அவனிடம் சொல்லியிருக்கிறாள். "அக்கா நிக்காட்டி நானும் மேடையேற மாட்டனுங்கப்பா." மாத்திரை போட மறந்தேன்.

14, வெள்ளி

கதவு திறந்திருந்தது. ஒரு முறம் சின்ன வெங்காயத்தோடு போய் அவள் கட்டிலோரம் தரையில் உட்கார்ந்தேன். பேசக் கூடாது, அவ்வளவுதான் திட்டம். கஷ்டம். இரண்டு உதாரணம் நாக்கு நுனிவரை வந்து போயின.

கால்மணி கழித்து அவளும் இறங்கி உரித்தாள்.

"அத்தை எப்பவும் அப்படித்தானுங்க. அவங்க மேல கோவமில்லீங்க."

உரித்தேன்.

"நீங்க சிரிச்சீங்களேப்பா."

மூத்தவர், வீடு தேடி வந்தவர், எதிர்த்துப் பேசலாமா... காரணமெல்லாம் வரிசையில் நின்றன. ஒன்றையும் எடுக்கவில்லை.

"ஆமாங் கண்ணு. சிரிச்சுப்போட்டேன்."

அழுதாள். வெங்காயத்தின் மேல் பழி போட முடியாத அழுகை. எழுந்து தண்ணீர் கொண்டுவரத் தோன்றியது. எழவில்லை. இத்தனை வருஷம் பொறுமை என்று நான் நினைத்ததில் பாதி, அக்கா மேல் பயம்.

மதியம் அக்காவுக்குப் போன். "மலர்தானுங்கக்கா நிப்பா. நீங்களும் அவசியம் வரோணும்."

"வாத்தியாருக்கு வயசான காலத்துல ரோசம் வந்துபோச்சாட்ட இருக்குது!" வைத்துவிட்டார்.

15, சனி

நல்ல வெயில். மலர் பட்டுச்சேலையை நாலு தடவை பிரித்து மடித்தாள். மூன்று இட்லி சாப்பிட்டாள்.

"மண்டபத்துல எல்லாரு முன்னாலயும் அத்தை ஏதாச்சும் சொன்னாங்கன்னா?"

தெரியலையம்மணி என்றேன். உண்மை அதுதான்.

சாயங்காலம் அக்கா வீட்டுக்காரர் போன்: கிளம்பிவிட்டார்களாம். அக்கா முகம் உர்ரென்று இருக்கிறதாம். மலரிடம் அப்படியே சொன்னேன். தலையாட்டினாள்.

நாளைக்கு எனக்கு நானே சொல்லிக்கொள்வது ஒன்றே ஒன்று: அக்கா வாயைத் திறந்ததும் மலர் பக்கத்தில் போய் நில். பேச்சு அப்புறம்.