கரைந்துபோன சிவப்பு மணிகள்

என் மேல் இன்னும் கோபம் ஆறாமல் இருக்கும் உங்களுக்கு,

என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப்போடத் தோன்றினால், இந்த முதல் பத்தியை மட்டும் படித்துவிட்டுக் கிழியுங்கள். முகாமில் நீங்கள் பாறையில் போட்ட துளையிலிருந்து வரும் தண்ணீரை இனி ஒரு வாய்கூடக் குடிக்காதீர்கள். யாரையும் குடிக்க விடாதீர்கள். சமையல்காரரிடம் சொல்லி அந்தக் குழாயை இறுக்கிக் கட்டிப்போடுங்கள். காய்ச்சிக் கொடுக்கிறேன் என்பார். காய்ச்சினால் அதில் கலந்திருப்பது போகாது, சுண்டச் சுண்ட இன்னும் கூடும். இந்தப் படகில் நல்ல தண்ணீர் கேன்கள் வருகின்றன. முதலில் அவற்றை இறக்கி எல்லாருக்கும் கொடுங்கள். அப்புறம் உட்கார்ந்து மீதியைப் படியுங்கள்.

வீட்டில் எல்லாரும் சுகம். எல்லாரும் என்றால் நானும் உங்கள் அம்மாவும்தான். அத்தை தினமும் நீங்கள் அவருக்கு எழுதிய கடைசிக் கடிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு, “பிள்ளைக்கு எழுத்து ஏம்மா இப்படிக் கோணிக்கிட்டுப் போகுது” என்று கேட்கிறார். படகில் உட்கார்ந்து எழுதியிருப்பார் என்று சொல்லிச் சமாளித்தேன். அச்சடித்த மாதிரி எழுதுகிறவர் நீங்கள். வயிற்றைப் பிசைகிறது, விரல்கள் மடங்கிக்கொண்டு நிமிர மாட்டேன் என்கின்றன, துளை போடுகிற டிரில்லர் அண்ணனுக்கும் அப்படித்தான், எல்லாம் டின் மீன் செய்கிற வேலை என்று எழுதியிருந்தீர்கள். அதே பக்கத்தில் அந்தத் தண்ணீரைப் பற்றி அவ்வளவு பெருமை. கடலுக்குப் பக்கத்திலேயே இவ்வளவு தெளிந்த தண்ணீர், தானாகப் பொங்கி வருகிறது, சோப்பே போடாமல் சட்டை வெளுக்கிறது, இனிமேல் படகில் தண்ணீர் சுமக்க வேண்டாம் என்று. சோப்பில்லாமல் ஏன் வெளுக்கிறது என்று நீங்களும் யோசிக்கவில்லை, படித்த நானும் யோசிக்கவில்லை. இரண்டு பேரும் பாறை படித்தவர்கள் என்று வெளியில் சொல்லிக்கொள்கிறோம்.

நாம் எதற்குப் பேச்சை நிறுத்தினோம் என்று அத்தைக்கு இன்னும் புரியவில்லை. மற்ற வீடுகளில் நகைக்கும் நாத்தனாருக்கும் சண்டை வரும், நம் வீட்டில் ஒரு பாறை எங்கிருந்து வந்தது என்று சண்டை. நீங்கள் முகாம் போட்டிருக்கும் அந்தக் கடல்முனை முழுவதும் ஆழத்திலிருந்து ஏறி வந்த பாறைக்குழம்பு என்றீர்கள். அது மெல்ல மெல்ல இறுகும்போது, பாத்திரத்தில் தண்ணீர் வற்றி அடியில் உப்புத் தங்குவது போல, சோடியமும் ஃப்ளோரினும் கடைசியில் மிஞ்சி நின்றன, துளையிலிருந்து உருவி எடுத்த கோரில் தெரிகிற சிவப்பு மணிகள் அந்த மிச்சம்தான் என்றீர்கள். நான் அது துரு என்றேன், கடல் தண்ணீர் பின்னால் புகுந்து கெடுத்த பாறை என்றேன். பொடி செய்து பார்த்ததில் ஃப்ளோரின் அவ்வளவு இருக்கிறதே என்று கேட்டீர்கள். அப்படியானால் தாதுவைக் கண்ணில் காட்டுங்கள் என்றேன். மைக்ரோஸ்கோப்பில் நான் வைத்த பாறைச் சீவல்களில் மற்றத் தாதுக்கள் இருந்தன, நெஃபலின், ஏஜிரினின் பச்சை ஊசிகள். சிவப்பு மணி இருக்க வேண்டிய இடங்களில் சதுரச் சதுரமாக ஓட்டைகள்தான் இருந்தன. நம் ஆய்வுக்கூட இயக்குநரை வைத்துக்கொண்டே, “ஓட்டையைக் காட்டித் தாதுன்னு சொல்லாதீங்க” என்று சொல்லிவிட்டேன். நாம் சேர்ந்து எழுதிய கட்டுரையிலிருந்து என் பெயரை எடுத்துவிடவும் சொன்னேன். “தீர்ப்பு சொல்லியாச்சா ஜட்ஜம்மா” என்று கேட்டுவிட்டுப் போனவர்தான். மறுநாள் படகேறும்போது சொல்லிக்கொள்ளவும் இல்லை.

நேற்று ஆய்வுக்கூடத்தில் குழாய் ரிப்பேர், சொட்டுத் தண்ணீர் இல்லை. தண்ணீர் ஊற்றாமல் பாறையை வெட்டினால் பிளேடு சூடேறி வீணாகிவிடும். சும்மா உட்காரப் பிடிக்காமல், நீங்கள் கடைசியாக அனுப்பிய துண்டை மண்ணெண்ணெய் ஊற்றி வெட்டினேன், தேய்த்ததும் அதிலேயே. மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால் ஓட்டை இல்லை. இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் மணிகள் இருந்தன. மிச்சத் துண்டிலிருந்து ஒன்றை ஊசியால் பெயர்த்து ஒரு கண்ணாடி டம்ளரில் போட்டு, கேனில் இருந்த குடிதண்ணீரை ஊற்றினேன். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தேன். டம்ளரில் ஒன்றுமே இல்லை.

வில்லியோமைட். பெயரைப் பரீட்சைக்குப் படித்திருக்கிறோம், கையால் தொட்டதில்லை. வெறும் சோடியம் ஃப்ளோரைடு, தண்ணீர் பட்டால் கரைந்துவிடும். இத்தனை மாதமாக வெட்டும் தண்ணீரிலேயே அதைக் கரைத்துச் சாக்கடையில் விட்டுவிட்டு, தாது எங்கே என்று உங்களிடம் கேட்டிருக்கிறேன்.

நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள் என்று தனியாக நின்று சிரித்தேன். உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. காலி டம்ளரைக் கழுவப் போகும்போதுதான் உங்கள் துளை ஞாபகம் வந்தது. அந்தத் தண்ணீர் இந்த மணிகளுக்குள் ஊறித்தானே மேலே வருகிறது. பாறையின் காரம் இறங்கியதால்தான் சோப்பில்லாமல் சட்டை வெளுத்திருக்கிறது. பாறையைப் பற்றி நீங்கள் சொன்னது சரி என்றால் நீங்கள் குடித்துக்கொண்டிருப்பது நஞ்சு. நம்பிக்கை வராவிட்டால் கோர் பெட்டியிலிருந்து ஒரு சிவப்பு மணியை எடுத்து நீங்களே தண்ணீரில் போட்டுப் பாருங்கள். என் பேச்சை நம்பாவிட்டாலும் உங்கள் கண்ணை நம்புவீர்கள்.

டாக்டரிடம் ஓடினேன். அந்த ஃப்ளோரைடு ரத்தத்தில் இருக்கும் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளுமாம், விரல் இழுப்பது அதனால்தானாம். முற்றினால் நெஞ்சுக்கு ஆகாது என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சீட்டு எழுதினார். கால்சியம் மாத்திரையும் பால்பவுடரும் சிவப்புப் பையில் இருக்கின்றன. “படகு திரும்புறப்ப எல்லாரையும் ஏத்திக் கூட்டிட்டு வரச் சொல்லுங்க, அங்க வெச்சுப் பார்க்கற வியாதி இல்ல இது” என்றார். சாமான், கோர் பெட்டி, எதையும் பார்க்காதீர்கள். ஏறி வந்துவிடுங்கள்.

வயர்லெஸ்ஸிலும் கூப்பிடச் சொன்னேன். முந்தாநாளிலிருந்து முகாமில் யாரும் எடுக்கவில்லை. “பேட்டரி இறங்கியிருக்கும்மா, எப்பவும் நடக்கறதுதான்” என்கிறார் ஆபரேட்டர். எப்போதும் நடக்கிறதுதான். அதையே எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நானே நேரில் வருவதாக இருந்தேன். பையோடு படகில் ஏறி உட்கார்ந்தும் விட்டேன். காற்று பலமாக இருப்பதால் அதிக பாரம் ஏற்றக் கூடாதாம். படகுக்காரர் தயங்கித் தயங்கி, “நீங்க வர்றதா இருந்தா ரெண்டு கேன இறக்கணும்மா” என்றார். முகாமில் ஏழு பேர் இருக்கிறீர்கள். நான் இறங்கிக்கொண்டேன். படகுத்துறைச் சுவரில் தாளை வைத்து இதை எழுதுகிறேன், எழுத்து கோணினால் காரணம் காற்றுதான். படகுக்காரரிடம் எல்லாவற்றையும் வாயாலும் சொல்லியிருக்கிறேன். நீங்கள் இதைப் படிக்கும் நிலையில் இல்லாவிட்டால் என்று ஆரம்பித்தேன், அவர் “அதெல்லாம் பேசாதீங்கம்மா” என்று தடுத்துவிட்டார்.

இயக்குநரிடம் காலையிலேயே சொல்லிவிட்டேன், அந்த ஓட்டைகளைப் போட்டது நான்தான் என்று. கட்டுரை உங்களுடையது, என் பெயர் வேண்டாம். நீங்கள் ஒன்றைச் சொல்லி முடிக்கும்வரை நான் ஒருநாளும் பொறுத்ததில்லை என்று அத்தையிடம் குறைப்பட்டிருக்கிறீர்கள், எனக்குத் தெரியும். வாருங்கள். எதிரில் உட்கார்ந்து, நான் அப்பவே சொன்னேன்ல என்று சொல்லிக் காட்டுங்கள். ஆயுசு முழுக்கச் சொல்லிக் காட்டுங்கள், குறுக்கே ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

படகு திரும்பும்வரை இந்தத் துறையை விட்டு நகர மாட்டேன். இறங்கும்போதே ஆரம்பித்துவிடுங்கள்.

தீர்ப்பைத் திரும்ப வாங்கிக்கொண்ட,
உங்கள் ஜட்ஜம்மா