நீங்கள் எழுதாத புகார்க் கடிதம்

என் அப்பாவுக்கு, ஆசையோடும் அதைவிட அதிகமான கூச்சத்தோடும்,

நீங்கள் போய் நாற்பது நாளாகிறது. அம்மா நன்றாக இருக்கிறாள் என்று எழுதத்தான் ஆசை. சாப்பாடு பாதிதான் இறங்குகிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குத் தவறாமல் போகிறாள், உங்கள் கண்ணாடியை டிவி மேலிருந்து யாரும் நகர்த்தக் கூடாது என்று சட்டம் போட்டிருக்கிறாள். நானும் வேலைக்குப் போகிறேன். ஷூ கம்பெனியில் கம்ப்யூட்டர், நெட்வொர்க் எல்லாம் என் பொறுப்பு. எங்கே என்ன கோளாறு என்றாலும் "சாமுவேலைக் கூப்பிடு, அவன் கண்டுபிடிச்சுடுவான்" என்கிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்று தைக்கிறது.

ஏன் என்று உங்களுக்குத் தெரியும். எவ்வளவு தெரியும் என்பது உங்களை அடக்கம் செய்த அன்றுதான் எனக்குத் தெரிந்தது. கல்லறைத் தோட்டத்தில் தனியாக நின்று இதைச் சொல்லி அழுதுவிட்டு வந்திருக்கலாம். ஆனால் நான் செய்த தப்பு நாலு பேர் படித்த காகிதத்தில் செய்த தப்பு. இதையும் நாலு பேர் படிக்கட்டும்.

ஆம்பூரில் நம் தெருவுக்கு பிராட்பேண்ட் வந்த வருடம் ஞாபகம் இருக்கிறதா? 2006. நான் பி.எஸ்சி. முடித்துவிட்டு வேலை தேடுகிறேன் என்ற பெயரில் வீட்டில் இருந்தேன். நீங்கள் கம்பெனி டைம் ஆபீஸில், ஆட்கள் வந்துபோகும் நேரம் குறிக்கும் கிளார்க். அம்மா வேலூரில் நர்ஸ், வாரம் முழுக்க அங்கே குவார்ட்டர்ஸில், சனிக்கிழமைதான் வீடு. "வேலைக்கு அப்ளை பண்ண நெட் வேணும்ப்பா" என்று உங்களிடம் கேட்டு வாங்கிய கனெக்‌ஷன் அது. நான் அப்ளை செய்ததைவிட விளையாடியதுதான் ஜாஸ்தி. பக்கத்துக்கு ஐந்து பேராக மோதுகிற துப்பாக்கி விளையாட்டு. இம்ரானும் நானும் இன்னும் மூன்று பேரும் ஒரு டீம்.

தினமும் சாயந்தரம் ஏழரை வாக்கில் என் கனெக்‌ஷன் செத்துப்போகும். மோடத்தில் ஒரு விளக்கு மினுக்மினுக்கென்று தவிக்கும். ஐந்து நிமிடம், சில நாள் கால் மணி நேரம். திரும்பி வரும்போது விளையாட்டில் என் ஆள் செத்துக் கிடப்பான். "இன்னா தோஸ்த், டெய்லி இதே பேஜாரா கீது?" என்பான் இம்ரான்.

நான் சும்மா இருக்கவில்லை. நான்தான் பெரிய மேதையாயிற்றே! நாம் அனுப்பும் தகவல் போய்த் திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் சோதனையை விடாமல் ஓடவிட்டேன். கேபிளை மாற்றினேன். கம்ப்யூட்டருக்குள் இருந்த கார்டை மாற்றினேன். டியூப்லைட் சோக்கால் இருக்கும் என்று ஒரு வாரம் ஹாலில் குண்டு பல்ப் போட்டு உங்களைப் பேப்பர் படிக்க விடாமல் செய்தேன். அறுந்த நேரத்தையெல்லாம் நோட்டில் குறித்தேன். 7.32, 7.29, 7.35. கஸ்டமர் கேர் பெண்ணிடம் அதை வரிசையாகப் படித்துக் காட்டினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மோடத்தை ஒருமுறை அணைத்துப் போடச் சொன்னாள்.

பிறகு டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து லைன்மேன் தனபால் அண்ணன் வந்தார். காக்கிச் சட்டைப் பையில் ஸ்க்ரூ டிரைவர், தோளில் வயர் சுருள். ஒருமுறை அல்ல, ஏழெட்டு முறை வந்தார். கம்பத்தில் ஏறிப் பெட்டியைத் திறந்து துருவைச் சுரண்டினார். கம்பத்திலிருந்து நம் வீட்டுக்கு வரும் வயரையே ஒரு நாள் தூறலில் நின்று முழுதாக மாற்றினார். நீங்கள் டீ போட்டுக் கொடுத்தீர்கள். "வேணாம் சார், டூட்டியில கீறேன்" என்று தண்ணீர் மட்டும் குடித்தார்.

அவர் வரும் ஒவ்வொரு முறையும் நான் ஒரு காரியம் செய்தேன் அப்பா. உங்கள் ரூமில் இருந்த இரண்டாவது ஃபோனை வயரோடு கழற்றி பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

அந்த ஃபோன் நான் இழுத்துக் கொடுத்ததுதான். ஹாலில் என் துப்பாக்கிச் சத்தத்துக்கு நடுவே உங்களால் அம்மாவோடு பேச முடியவில்லை. பஜாரில் வயர் வாங்கி, வாசலில் மெயின் வயர் நுழையும் இடத்திலேயே கொக்கி போட்டு, உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பழைய ஃபோனை வைத்தேன். எக்ஸ்சேஞ்சுக்குச் சொல்லாமல் எக்ஸ்டென்ஷன் போட்டால் ஃபைன் போடுவார்கள், கனெக்‌ஷனையே பிடுங்கிவிடுவார்கள் என்று ஊரே பயந்த காலம் அது. லைன்மேன் சைக்கிள் தெருமுனையில் தெரிந்தால் பல வீடுகளில் ஒரு ஃபோன் தலையணைக்கு அடியில் போகும். நம் வீட்டிலும் போயிற்று. நீங்கள்தான் ஒரு நாள் கேட்டீர்கள், "ஒளிச்சு வெக்கற அளவுக்கு இன்னாடா தப்பு பண்ணிட்டோம்? அவருகிட்ட சொல்லிடேன்." நான், "உங்களுக்கு ஒண்ணும் தெரியாதுப்பா" என்றேன்.

உங்களுக்கு ஒன்றும் தெரியாது! தினமும் டூட்டி முடிந்து குவார்ட்டர்ஸுக்கு வந்த அம்மாவை ஏழரைக்கு அழைத்து, "சாப்ட்டியா?" என்று கேட்பது உங்களுக்குத் தெரியும். நீங்கள் ரிசீவரைத் தூக்கிய அந்த நிமிடம்தான் ஹாலில் என் விளக்கு தவித்தது. நோட்டில் மூன்று பக்கம் நிறைய நேரம் குறித்தவனுக்கு அது உறைக்கவில்லை. அது நீங்கள் அம்மாவோடு பேசிய நேரங்களின் பட்டியல் என்று இன்று படிக்கும்போது தெரிகிறது.

தனபால் அண்ணன் ஒரு நாள் டூட்டி முடித்துவிட்டு, எனக்காகவே ஏழு மணிக்கு வந்தார். "நீ சொல்ற டைம்லயே பாத்துடலாம் தம்பி" என்றார். நான் ஃபோனைப் பீரோவில் பூட்டினேன். உங்களிடம், "இன்னிக்கி அம்மாகிட்ட பேசாதீங்க" என்றேன். எட்டரை வரை உட்கார்ந்திருந்தார். விளக்கு ஒருமுறைகூடத் தவிக்கவில்லை.

"லைன் தங்கமாட்டம் கீது தம்பி."

"நீங்க இருந்தா மட்டும் எப்பிடிண்ணா நல்லா இருக்கு? நீங்களே எங்கியோ புடுங்கி உட்டுட்டு, நீங்களே வந்து மாட்றீங்களா?"

 அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். "பெரியவங்ககிட்ட அப்பிடிப் பேசலாமா?" என்று நீங்கள் மட்டும் கேட்டீர்கள். அப்போதும் எனக்குச் சூடு இறங்கவில்லை.

அடுத்த வாரம் டோர்னமென்ட்டில் அரையிறுதி. ஏழு மணிக்கு ஆட்டம் ஆரம்பித்தது. ஏழு முப்பத்திரண்டுக்கு அறுந்தது. தோற்றோம். இம்ரான் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பிரவுசிங் சென்டரில் ஒருவன், "சும்மா லைன் சரியில்லன்னு எழுதினா எவனும் கண்டுக்க மாட்டான். காசு கேக்கறான்னு எழுது, ஓடி வருவான்" என்றான். வேலூர் டெலிபோன் பெரிய ஆபீஸுக்கு எழுதினேன். லைன்மேன் பணம் எதிர்பார்த்து வேலையை இழுத்தடிக்கிறார் என்று, நல்ல தமிழில், ஒரு பக்கம். கனெக்‌ஷன் உங்கள் பெயரில் இருந்தது. சந்தாதாரர்தான் கையெழுத்துப் போட வேண்டும். கம்பெனி கேட் பாஸில் நீங்கள் போடும் கையெழுத்தைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவன் நான். ஒரே தடவையில் வந்துவிட்டது.

ஒரு மாதத்தில் தனபால் அண்ணனை நாட்றம்பள்ளிக்கு மாற்றித் தூக்கினார்கள். நான் சந்தோஷப்பட்டேன் அப்பா. இதை எழுதவே கை கூசுகிறது. இம்ரானுக்கு ஃபோன் செய்து, "பாத்தியா நம்ம பவர?" என்றேன்.

அவருக்குப் பதில் வந்த புது லைன்மேன் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு சாயந்தரம் வந்து நின்றார். ஃபோனை ஒளிக்க எனக்கு நேரமில்லை. அவர் மோடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே நீங்கள் "சாப்ட்டியா?" என்றீர்கள், விளக்கு தவிக்க ஆரம்பித்தது. அவர் எழுந்து சத்தம் வந்த பக்கம் போனார். உங்கள் ரூமிலிருந்து வயரைப் பிடித்துக்கொண்டே வாசல்வரை வந்து சிரித்தார்.

"இந்த ஃபோனுக்கு ஃபில்டர் போடல சார். தூக்கினா நெட்டு போய்டும். இதுக்கா இத்தினி கம்ப்ளெயின்ட்டு?" பையிலிருந்து தீப்பெட்டி அளவில் ஒரு சின்ன டப்பாவை எடுத்து மாட்டினார். வேலை இரண்டு நிமிடம். "எக்ஸ்டென்ஷன்லாம் இப்ப யாரும் கேக்கறதில்ல சார்" என்று வேறு சொன்னார். பிறகு உங்களைப் பார்த்து, "தனபாலண்ணன் இதைப் பாக்காமயா உட்டாரு? பாவம், ஐயா எழுதின லெட்டராலதான் நாட்றம்பள்ளி போய்ட்டாரு. காசு கேட்டாராமே?" என்றார்.

நீங்கள் ரிசீவரோடு ரூம் வாசலில் நின்றீர்கள். அதற்குள்ளிருந்து அம்மா "ஹலோ, ஹலோ" என்பது எனக்குக் கேட்டது. நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் மோடத்தைப் பார்த்தேன்.

"ஐயாதானே எழுதினீங்க?"

"ஆமா" என்றீர்கள்.

அவர் போன பிறகு நீங்கள் திட்டுவீர்கள் என்று காத்திருந்தேன். அடித்திருந்தால்கூட வாங்கியிருப்பேன். நீங்கள் அம்மாவோடு பேசி முடித்துவிட்டு வந்து ரசம் சூடு பண்ணட்டுமா என்று கேட்டீர்கள். அடுத்த திங்கட்கிழமை அரை நாள் லீவு போட்டீர்கள். முப்பது வருட வேலையில் காய்ச்சலுக்குக்கூட லீவு போடாதவர். "எங்கப்பா போறீங்க?" என்றேன். "ஒரு வேல இருக்குது" என்றீர்கள். நானும் மேலே கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? பதில் தெரிந்துவிடுமோ என்ற பயம்தான். அன்றிலிருந்து மூன்று வருடம் ஒரே மேசையில் சாப்பிட்டோம். ஒரு நாளாவது நான் வாயைத் திறந்திருக்கக் கூடாதா?

இப்போது நீங்கள் பார்க்காததைச் சொல்கிறேன். உங்கள் அடக்கத்துக்குத் தனபால் அண்ணன் வந்திருந்தார். நாட்றம்பள்ளியிலிருந்து பஸ் பிடித்து, கையில் ஒரு ரோஜா மாலையோடு. தலை நன்றாக நரைத்துவிட்டது. மண் போட்டு முடித்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்கப்பா ஒரே ஒரு தப்புதான் பண்ணாரு தம்பி. என் மேல ஒரு லெட்டரு எழுதிட்டாரு. ஆனா இன்னா மனுஷன்! நாட்றம்பள்ளி ஆபீஸுக்கே வந்தாரு. பத்து பேரு நிக்கறாங்க. அத்தினி பேரு முன்னாடி கையெடுத்துக் கும்புட்டு, 'கோவத்துல பொய் எழுதிட்டேன்ப்பா, நீ எங்கிட்ட டீகூட வாங்கிக் குடிக்கல'ன்னாரு. வேலூருக்கும் போய் எழுதிக் குடுத்தாரு. போட்ட ஆர்டரு போட்டதுதான், மாத்தல. ஆனா காசு வாங்கினவன்ற பேரு போச்சு இல்ல?"

நான் கையை உருவப் பார்த்தேன். அவர் விடவில்லை.

"அப்ப என் பொண்ணு டென்த்து. காலைல அஞ்சு மணிக்கு வூட்ட உட்டு கெளம்புவேன். ஒரு வருஷம் உங்கப்பாவ மனசுல திட்டிகிட்டே பஸ்ல போனேன். அப்புறம் ஆறிப்போச்சு. நீ அப்ப வெளையாட்டுப் பையன், உனுக்கு இதெல்லாம் தெரிஞ்சிருக்காது."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். உங்கள் மேல் போட்ட மண் இன்னும் ஈரமாக இருந்தது. நான் சொன்னது என்ன தெரியுமா?

"ஆமாண்ணா."

நீங்கள் சொன்ன "ஆமா" என்னைக் காப்பாற்றியது. நான் சொன்ன "ஆமா" உங்களைக் குற்றவாளியாகவே குழிக்குள் விட்டுவிட்டு வந்தது. அவர் என் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு பஸ்ஸுக்குப் போனார். அந்தக் கை பட்ட இடம் நாற்பது நாளாக எரிகிறது.

ஒரு வருடம் ஒரு மனிதர் தினமும் பஸ்ஸில் உங்களைத் திட்டிக்கொண்டு போனார். அது என் பங்குத் திட்டு அப்பா. பத்து பேர் முன்னால் கும்பிட்ட கை என் கையாக இருந்திருக்க வேண்டும். அன்று வீட்டுக்கு வந்து, எப்போதும்போல ஷூவைக் கழற்றி வரிசையாக வைத்துவிட்டு, எனக்கு இன்டர்வியூ கார்டு ஏதாவது வந்ததா என்று கேட்டீர்களே, எப்படி முடிந்தது உங்களால்?

அம்மாவிடம் நேற்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கடைசிவரை கேட்டாள். பிறகு, "அவரு எங்கிட்டகூட சொல்லலியேடா" என்று அழுதாள். நீங்கள் மறைத்ததற்கு அழுதாளா, நான் செய்ததற்கு அழுதாளா என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

வருகிற சனிக்கிழமை நாட்றம்பள்ளிக்குப் போகிறேன். அம்மாவும் வருகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். உங்களைத் துணைக்கு வைத்துத் தப்பித்தது போதும். ஒன்றுதான் உறுத்துகிறது. உண்மையைச் சொன்னால், பொய்யே பேசாத நீங்கள் அந்த ஆபீஸில் பத்து பேர் முன்னால் பேசியது பொய் என்று ஆகிவிடும். அதற்கு நீங்கள் வருத்தப்படுவீர்களா? பட்டாலும் நான் போவேன். வெளியே கூப்பிட்டுப் பேச மாட்டேன். ஆபீஸில், நீங்கள் நின்ற இடத்தில், அத்தனை பேர் முன்னாலும் சொல்வேன். அவர் அடிக்கலாம், மூஞ்சியில் முழிக்காதே என்று துரத்தலாம். அது அவர் இஷ்டம்.

எப்படி ஆரம்பிப்பது என்று மட்டும் யோசித்து வைத்திருக்கிறேன். "அண்ணா, எங்கப்பா உங்கள ஒரு வார்த்த தப்பா எழுதினதில்ல. பேசினதும் இல்ல." இதை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்புறம் அவர் கேட்கட்டும்.

வாக்குக் கொடுக்கும்
உங்கள் ஒரே மகன்,
சாமுவேல்
ஆம்பூர்